தண்ணீர் கேட்காத கடதாசிப்பூ



எங்கள் வீட்டு மதிலில் பூத்திருக்கும் கடதாசிப்பூவைப் பார்த்துவிட்டு "டீச்சர், என்ன உரம் போடுறீங்க?" என்று இந்த மாதம் மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியே தொண்டை போய்விட்டது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். அவசரக்காரர்கள் நடுகை பற்றிய பகுதியை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

உரம் போடுவதில்லை. தண்ணீரும் பெரும்பாலும் ஊற்றுவதில்லை. அதுதான் பதில். ஆனால் இந்தப் பதிலை எங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ள இரண்டு வருடம் எடுத்தது.

அக்குறணைப் பக்கத்து மேட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கீழே டவுனில் பிங்கா ஓயா பெருகிக் கடைகளுக்குள் தண்ணீர் வரும். அதே வருடம் பெப்ரவரி, மார்ச்சில் மேலே குன்றில் உள்ளவர்கள் குடிக்கிற தண்ணீருக்கு பவுசர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்டி என்றால் எப்போதும் குளிரும் மழையும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் மழை வரும் வரை எங்கள் வளவு எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ரோசா வாடும். அந்தூரியம் ஓரம் கருகும். வாளியில் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவதா, கொய்யாக் கன்றுக்கு ஊற்றுவதா என்று பங்கு பிரிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் இந்தக் கடதாசிப்பூ பூக்கிறது.

எங்கள் மதிலில் இருப்பது வாப்பா கொண்டு வந்தது. வாப்பா கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். 2016 இல் புத்தளத்தில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, கலியாண வீட்டு வேலியில் இருந்த கடும் ரோசா நிறக் கடதாசிப்பூவில் இரண்டு கம்பு முறித்து, ஈரப் பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மதிலுக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையில் ஒரு அடி அகலத்தில் சும்மா கிடந்த மண்ணில் நட்டார். ஒன்று பட்டுப் போனது, மற்றது பிடித்தது. அதற்குப் பிறகு அவர் அதன் பக்கம் பெரிதாகப் போனதேயில்லை. உம்மா கேட்டால் "இதுக்கு ஒண்டும் வாணாம்" என்பார். மூன்றாவது வருடத்திலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் மதில் நிறையப் பூத்தது.

2022 ஜூன் மாதம் வாப்பா வபாத்தானார். அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் இல்லை. பாடசாலைகளும் அந்த நாட்களில் மூடிக் கிடந்தன. புத்தளத்திலும் குருநாகலிலும் இருந்த சொந்தக்காரர்களுக்கு ஜனாஸாவுக்கு வர வழியில்லை. போனில் அழுதார்கள். பக்கத்து வீட்டு ஆட்கள்தான், அதில் சிங்கள ஆட்களும்தான், எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

உம்மா நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். அந்த நாட்களில் அவருடைய உலகம் வீடும் வளவும்தான். சுபஹு தொழுதுவிட்டு வளவுக்கு இறங்குவார். முதலில் அந்த மரத்துக்குத்தான் தண்ணீர். பேசினில் பிடித்த வுழூ தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், போதாவிட்டால் பைப் தண்ணீர். அஸருக்குப் பிறகு இன்னொரு வாளி. எங்கேயோ கேட்டு மாட்டெருவும் கொண்டு வந்து போட்டார். இத்தா முடிந்தும் அந்தப் பழக்கம் முடியவில்லை. உம்மா அதற்குப் பிறகும் கிளினிக்குக்குத் தவிர வீதிக்கு இறங்கவில்லை.

மரம் நன்றாக வளர்ந்தது. இலை தளதளவென்று கரும்பச்சை. கிளைகள் கூரைத் தகரம் வரை போயின. 2023 மார்ச் வந்தது, ஒரு பூ இல்லை. அக்கம்பக்கத்து மதில்களில் எல்லாம் பூ. எங்கள் மதிலில் பச்சை மட்டும்.

"வாப்பா போனதோட அதுவும் பூக்கிறத உட்டுட்டு" என்று உம்மா ஒரு நாள் சொன்னார். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்குக் காரணம் தெரியும். நான் ஆசிரியப் பயிற்சிக்கு அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிக்குப் போனவள். கண்டியிலிருந்து போன எங்களுக்குக் கிழக்கின் வெயில் புதிது. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது முகம் எரியும், மணல் சுடும். அந்த மணலில், யாரும் திரும்பிப் பார்க்காத வேலிகளில், கடதாசிப்பூ இலை தெரியாமல் பூத்திருக்கும். ஊருக்கு வந்து பார்த்தால், எங்கள் பக்கம் அதே செடி மழை மாதங்களில் வெறும் பச்சைப் புதர். கிழக்கில் வருட மழையில் பெரும் பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும், பிறகு நீண்ட கோடை. கண்டியில் இரண்டு பருவக்காற்றும் எட்டிப் பார்ப்பதால் உண்மையான காய்ச்சல் வருடத்தில் இரண்டு, மூன்று மாதம்தான். அந்த மாதங்களில்தான் இங்கே பூ.

இந்தச் செடியின் ஊர் தென்னமெரிக்கா. பிரேசில், பொலிவியா, பேரு, ஆர்ஜென்டினாவின் வடக்குப் பகுதி. தண்ணீரும் எருவும் தாராளமாகக் கிடைத்தால் அது இலையும் கிளையுமாகவே வளர்ந்துகொண்டு போகும். வேர்ப் பக்கம் மண் காய்ந்தால்தான் வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பூப்பதற்குத் திரும்பும். பகல் நேரம் குறைவதும் பூக்கத் தூண்டும் என்கிறார்கள். ஆனால் நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ஆகவே நமக்குக் காய்ச்சல்தான் முக்கியம்.

இதை உம்மாவிடம் சொன்னேன். "அந்தத் தண்ணிய கொய்யாவுக்கு ஊத்துங்க உம்மா" என்றேன்.

"வாப்பாட மரத்தக் காயப் போடச் சொல்றீங்களா மகள்?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. அந்த வாளித் தண்ணீர் மரத்துக்கு மட்டும் ஊற்றியது இல்லை என்று விளங்கியது. காலையில் எழும்ப அவருக்கு ஒரு வேலை வேண்டும். மதிலில் பூ இல்லாவிட்டால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம், 2024 இல், நோன்பு மார்ச் நடுவில் தொடங்கியது. எங்கள் குன்றில் தண்ணீர் பெப்ரவரியிலேயே மெலிந்துவிட்டது. பைப்பில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நடுராத்திரியில் நூல் மாதிரி வரும். தாத்தாவின் பிள்ளைகளும் எங்களோடு இருந்தார்கள். குடிக்க, சமைக்க, ஸஹருக்கு, இப்தாருக்கு, வுழூவுக்கு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூ செய்தார்கள் என்பதை நாம் எல்லோரும் ஓதிப் படித்திருக்கிறோம். இரண்டு கையும் சேர்த்து அள்ளும் அளவுதான் அது. அந்த நோன்பில்தான் எங்கள் வீட்டில் அது நடைமுறைக்கு வந்தது. உம்மா கேத்தலில் அளந்து வுழூ செய்தார். பேசினில் விழுந்த கொஞ்சமும் கறிவேப்பிலைக்கே போதவில்லை. கடதாசிப்பூவுக்கு ஒரு சொட்டும் இல்லை.

மூன்றாவது வாரம் இலை மஞ்சளாகி விழத் தொடங்கியது. உம்மா காலையில் அதைக் கூட்டி அள்ளும்போது பேசமாட்டார். செடி சாகவில்லை, இலையை உதறித் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது என்று நான் சொன்னேன். தாத்தாவின் சின்ன மகன் "உம்மம்மா, அதுவும் நோன்பு பிடிக்குது" என்றான். அன்றுதான் உம்மா லேசாகச் சிரித்தார்.

நோன்பு இருபது தாண்டிய ஒரு காலையில் எதிர் வீட்டுச் சிங்கள அக்கா கேட்டில் நின்று கூப்பிட்டார். "உம்மா, மல் பிபிலா! எளியட்ட எவித் பலன்ன." பூத்திருக்கிறது, வெளியே வந்து பாருங்கள் என்று. பின்னேர வெயில் படுவது மதிலின் வீதிப் பக்கம். அந்தப் பக்கத்துக் கிளைகள்தான் முதலில் பூத்திருக்கின்றன. வளவுக்குள் இருந்த எங்களுக்குத் தெரியவேயில்லை.

உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து வீதிக்குப் போனார். இருவரும் மதிலைப் பார்த்துக்கொண்டு கால் மணித்தியாலம் நின்று கதைத்தார்கள். திரும்பி வந்து "வாப்பா பூவ வெளியாக்களுக்குத்தான் வெச்சீக்கிறார்" என்றார். அதற்குப் பிறகு அஸருக்குப் பின் ஒவ்வொரு நாளும் வீதிக்குப் போய் அந்த மதிலைப் பார்த்துவிட்டு வருவார். பெருநாளைக்கு இரண்டு பக்கமும் நிறைந்து பூத்தது. இப்போது பின்னேரங்களில் எதிர் வீட்டு அக்காவோடு சந்தி வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார்.

இந்தப் பூவைப் பாடத்துக்கும் கொண்டு போகிறேன். தரம் 7 பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து "இதில் பூ எது?" என்று கேட்டால் எல்லோரும் நிறமான கடதாசி போன்ற பகுதியைக் காட்டுவார்கள். அது பூ இல்லை, நிறம் மாறிய இலை. பூவடியிலை என்பார்கள். மூன்று இலைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன வெள்ளைக் குழாய். அந்தக் குழாய்தான் பூ. "அப்ப டீச்சர், இவ்வளவு நாளும் நாங்க இலையைத்தான் பூவென்று சொன்னோமா?" என்று ஒரு பிள்ளை ஏமாந்த மாதிரிக் கேட்டது. அந்திமந்தாரையும் இதுவும் ஒரே குடும்பம். அந்தக் கடும் ரோசா நிறம், பீட்ரூட் வெட்டினால் கையில் பிடிக்குமே, அந்த வகைச் சாயம்தான். இதைச் சொன்னால் பகல் சாப்பாட்டுப் பெட்டியில் பீட்ரூட் கொண்டு வந்த பிள்ளை அன்று வகுப்பில் பெரிய ஆள்.

பெயரின் கதையையும் சொல்வேன். 1766 இல் பிரான்ஸிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட கப்பல் பயணத்தின் தலைவர் பூகன்வில். அதில் தாவர ஆய்வாளராகப் போனவர் கொமெர்சோன். 1767 இல் ரியோ டி ஜெனீரோவில் இந்தச் செடியைச் சேகரித்துத் தலைவரின் பெயரை வைத்தார்கள். கொமெர்சோனின் உதவியாளாகச் சாமான் சுமந்து, செடி பறித்துக் காயவைத்த இளைஞன் உண்மையில் ஒரு பெண், ழான் பாரே. அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறத் தடை. ஆண் உடையில் ஏறினார். உலகைச் சுற்றி வந்ததாக அறியப்படும் முதல் பெண் அவர்தான். கொமெர்சோனுக்குக் காலில் நோய் இருந்ததால், இந்தப் பூவை முதலில் பறித்ததே பாரேயாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள்.

வகுப்பில் ஒரு பெண் பிள்ளை உடனே எழும்பி "அப்ப அவட பேர ஏன் வெக்கல்ல?" என்று கேட்டது. வைத்தார்கள், ஆனால் 2012 இல்தான், கத்தரிக் குடும்பத்தில் ஒரு தென்னமெரிக்கச் செடிக்கு என்றேன். "சரியாப் பிந்தித்தான் டீச்சர்" என்றது. உண்மைதான்.

சாச்சா ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "கொச்சிக்காய் விற்கிற விலைக்கு, சாப்பிட ஏலாத மரத்தை வளர்க்கச் சொல்றீங்களே" என்று. நியாயமான கேள்வி. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததும், அடுத்த வருடம் வீட்டுக்கு வீடு மரவள்ளியும் வல்லாரையும் நட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. தண்ணீரும் வெயிலும் மண்ணும் இருக்கிற இடத்தில் கொச்சிக்காயே நடுங்கள். நான் சொல்வது, எதுவுமே வராத இடத்தைப் பற்றி. சூடான மதிலோரம், சீமெந்துக்குப் பக்கத்து ஒரு அடி மண், வாளித் தண்ணீர் எட்டாத மூலை. அங்கே கொச்சிக்காய் ஒரு வாரம் தாங்காது. இது தாங்கும், வேறு எந்தச் செடியின் தண்ணீரிலும் பங்கு கேட்காது. உம்மாவை வீதிக்கு இறக்கியதற்கு நான் எத்தனை கிலோ கொச்சிக்காய் கொடுத்தாலும் ஈடாகாது என்று சாச்சாவிடம் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்கிறேன்.

இனி நடுகை. கேட்டவர்களுக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

1. கம்பு: பென்சில் தடிப்பில், இளசும் முற்றியதும் இல்லாத நடுத்தரக் கிளை. ஒரு சாண் நீளம். பூ முடிந்து கிளை வெட்டும்போது எடுப்பது நல்லது. கீழ் இலைகளை நீக்கிவிட்டு, மணலும் மண்ணும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பையிலோ பால்மா பையிலோ நடுங்கள். நிழலில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் மண் ஈரமாக இருக்க வேண்டும். வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் எடுக்கும். இழுத்துப் பார்க்காதீர்கள். எல்லாக் கம்பும் பிடிக்காது, அதனால் நாலைந்து சேர்த்து வையுங்கள்.

2. நடும் காலம்: ஒக்டோபர், நவம்பர் மழை. அந்த மழையில் வேரூன்றிவிட்டால் அடுத்த காய்ச்சலைச் சமாளிக்கும். பையிலிருந்து எடுக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது. இதன் வேர் மெல்லியது, சட்டென்று அறுந்துவிடும். பையைக் கத்தியால் கீறி மண்ணோடு இறக்குங்கள். முதல் வருடம் காய்ச்சல் நாட்களில் வாரம் ஒரு தடவை தண்ணீர் கொடுங்கள். தாங்கும் சக்தி வேர் ஆழமாகப் போன பிறகுதான் வரும்.

3. இடம்: ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணித்தியாலம் நேர் வெயில். நிழலில் வைத்தால் எவ்வளவு காயப் போட்டாலும் பூக்காது. தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம், வேர் அழுகிவிடும்.

4. சாடியில் வைப்பவர்கள்: சின்னச் சாடியே போதும். வேர் நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. எங்கள் பாடசாலையில் எத்தனை கதிரை காலியாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். பீ.எச்.ஐ. வரும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

5. வெட்டுவது: பூ புதுக் கிளையில்தான் வரும். ஒரு தடவை பூத்து முடிந்ததும் நுனிகளைத் தைரியமாக வெட்டுங்கள். உரம் போட்டே ஆகவேண்டும் என்றால் யூரியா வேண்டாம், இலைதான் வரும். வளவில் மக்கிய குப்பை வருடத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் போதும்.

6. முள்: நன்றாகக் குத்தும், சிலருக்குத் தோலும் சிவந்து தடிக்கும். கையுறை போட்டு வெட்டுங்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிற ஒழுங்கைப் பக்கம் கிளை தொங்க விடாதீர்கள். எங்கள் மதிலில் கண் மட்டத்துக்குக் கீழே வருவதை மாதம் ஒரு தடவை வெட்டிவிடுகிறோம். பூ வெளியாட்களுக்கு என்றால் முள்ளைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இன்னொரு விடயம். மார்ச்சில் இலை விழும்போது பயந்து வாளியைத் தூக்காதீர்கள். இலை சுருண்டு, சின்னக் கிளையும் வளைந்து தொங்கினால் மட்டும் ஒரு தடவை ஆழமாக ஊற்றிவிட்டு மறுபடி விட்டுவிடுங்கள்.

வெட்டிய கம்புகளில் இதுவரை இருபத்தொரு பைகளில் வேர் பிடித்திருக்கிறது. நாலு பை எதிர் வீட்டு அக்காவுக்குச் சொல்லி வைத்தது. இரண்டு பாடசாலைக் கேட்டுக்கு. மிச்சம் பதினைந்து. ஒக்டோபர் மழை தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் யாருக்கு வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். அஸருக்குப் பிறகு வாருங்கள், உம்மா வீட்டில் இருப்பார். அவர் சந்தி வரை நடக்கப் போயிருந்தால் கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடுவார்.